விட்டதைப் பிடிக்காமல் எழுந்து வருவது: சூதாட்டப் பழக்கத்தை அடையாளம் காணவும் மீளவும் ஒரு முழுமையான வழிகாட்டி

சூதாடுகிறவர்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் வாக்கியம் ஒன்று உண்டு: “விட்டதை மட்டும் பிடித்துவிட்டால் போதும், அதோடு நிறுத்திவிடுவேன்.” இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தோடுதான் மல்லுக்கட்டப் போகிறது. குடியால் வந்த கடனைக் குடித்தே அடைத்துவிடலாம் என்று எந்தக் குடிகாரரும் நம்புவதில்லை. சூதாட்டத்தில் மட்டும் நோயே மருந்தின் வேடத்தில் வந்து நிற்கிறது. நேற்று போன பணத்தை இன்று அதே இடத்தில்தான் எடுக்க முடியும் என்று தோன்றுகிறது. “மன உறுதி இருந்தால் விட்டுவிடலாம்” என்ற அறிவுரை இங்கே பலிக்காததற்குக் காரணமும் அதுதான். விட்டதைப் பிடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று விடிய விடிய உட்கார்ந்திருப்பவரிடம் மன உறுதிக்கு என்ன குறை?

சீட்டு, குதிரைப் பந்தயம், லாட்டரி, விளையாட்டுப் போட்டிகளின் மீதான பந்தயம், போனில் ஆடும் ரம்மி, ஸ்லாட் இயந்திரம் என்று உருவம் எதுவானாலும் கீழே சொல்பவை பொருந்தும். பங்குச் சந்தையில் நிமிடக் கணக்கில் வாங்கி விற்பவர்களில் சிலரும் தங்களை இதில் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் முன்பாக

கடன் கழுத்தை நெரிக்கும்போது “நான் போய்விட்டால் எல்லாம் முடிந்துவிடும்” என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. சூதாட்ட அடிமைத்தனம் உள்ளவர்களிடையே தற்கொலை அபாயம் மற்றவர்களைவிட அதிகம் என்பது மருத்துவ உலகம் அறிந்த செய்தி. இந்த எண்ணம் உங்களுக்கு இருந்தால் மற்றப் படிகள் காத்திருக்கட்டும். இப்போதே பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். தனியாக இருக்காதீர்கள். கடனுக்குத் தவணை வாங்கலாம், பேரம் பேசலாம், சட்டத்தின் உதவியை நாடலாம். அதையெல்லாம் நாளை பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: இது பொழுதுபோக்கா, நோயா?

இரண்டே கேள்விகளில் தொடங்குங்கள். மருத்துவர்கள் முதற்கட்டச் சோதனையாகப் பயன்படுத்தும் கேள்விகள் இவை. முன்பைவிடக் கூடுதலான தொகையை வைத்து ஆட வேண்டும் என்ற உந்துதல் உங்களுக்கு எப்போதாவது வந்திருக்கிறதா? எவ்வளவு ஆடுகிறீர்கள் என்பதைப் பற்றி உங்களுக்கு முக்கியமானவர்களிடம் பொய் சொல்ல நேர்ந்திருக்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு “ஆம்” என்றாலும் மேலே படியுங்கள்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இல் இதை முதன்முதலாகத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தபோது, உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறுகளுள் ஒன்றாகவே வகைப்படுத்தியது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் மது, போதைப்பொருள் ஆகியவற்றின் பக்கத்தில் இதற்கும் இடம் கொடுத்தது. உடலுக்குள் எந்தப் பொருளும் போகாமலேயே அடிமையாக முடியும் என்று அந்தக் கையேடு ஏற்றுக்கொண்டது அப்போதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய்ப் பட்டியலும் இதை நோயாகவே கணக்கிடுகிறது. இணையத்தில் ஆடுவதற்கும் நேரில் ஆடுவதற்கும் தனித்தனிக் குறியீடுகள்கூட அதில் உண்டு.

அந்த 2013 பதிப்பில் ஒன்பது அறிகுறிகள் உள்ளன. கடந்த 12 மாதங்களை நினைவில் வைத்து, பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்து பாருங்கள்.

1. அதே கிளர்ச்சியைப் பெற வைக்கும் தொகை கூடிக்கொண்டே போகிறது.
2. குறைக்கவோ நிறுத்தவோ முயன்றால் எரிச்சலும் இருப்புக்கொள்ளாமையும் வருகின்றன.
3. நிறுத்தப் பலமுறை முயன்று தோற்றிருக்கிறீர்கள்.
4. ஆடாத நேரத்திலும் மனம் ஆட்டத்திலேயே இருக்கிறது: பழைய ஆட்டங்கள், அடுத்த ஆட்டம், அதற்குப் பணம் புரட்டும் வழி.
5. கவலை, குற்ற உணர்வு, சோர்வு வந்தால் கை ஆட்டத்தைத் தேடுகிறது.
6. இழந்த மறுநாளே அதைப் பிடிக்கத் திரும்புகிறீர்கள்.
7. ஆட்டத்தின் அளவை மறைக்கப் பொய் சொல்கிறீர்கள்.
8. உறவோ வேலையோ படிப்போ ஆபத்துக்குள்ளாகியிருக்கிறது, அல்லது போயே விட்டது.
9. ஆட்டத்தால் வந்த நெருக்கடியைத் தீர்க்கப் பிறர் பணத்தை எதிர்பார்க்கிறீர்கள்.

நான்கு அல்லது ஐந்து இருந்தால் லேசானது, ஆறு அல்லது ஏழு என்றால் நடுத்தரம், எட்டோ ஒன்பதோ என்றால் கடுமையானது. இறுதி முடிவு மருத்துவருடையது. இருமுனை மனநோயின் (மனநிலை மிகையான உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) மிகை எழுச்சிக் காலத்திலும் ஒருவர் கண்மண் தெரியாமல் சூதாடக்கூடும் என்பதால் அவர் அதையும் சேர்த்தே பார்ப்பார்.

என்னைக் கேட்டால் ஒன்பதில் கனமானவை ஆறாவதும் ஏழாவதும்தான். பெரும் தொகையை இழந்தும் வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டு நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். சிறு தொகையை இழந்து, அதை மறைக்கப் போய், மறைத்ததை மறைக்க இன்னும் ஆடி மூழ்கியவர்களும் இருக்கிறார்கள். இழந்த தொகையைக் கொண்டு நோயின் ஆழத்தை அளக்க முடியாது.

சூதாட்ட அடிமைகளுக்கான முதல் உள்நோயாளி சிகிச்சைப் பிரிவை 1972-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் தொடங்கிய மருத்துவர் ராபர்ட் கஸ்டர், இந்த நோயின் பாதையை ஜெயிக்கும் கட்டம், தோற்கும் கட்டம், கதியற்ற கட்டம் என்று மூன்றாகப் பிரித்தார். முதல் கட்டத்தில் கிடைக்கும் ஒரு பெரிய வெற்றிதான் பலருக்கு வினையாகிறது. அதன் பிறகு வரும் தோல்விகளெல்லாம் தற்காலிகமானவை, அந்த ஒரு நாள்தான் தன் உண்மையான தகுதி என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது.

படி 2: உங்களை உட்கார வைத்திருப்பது எது என்று புரிந்துகொள்ளுங்கள்

கணக்கிலிருந்து தொடங்குவோம். ரூலெட் என்பது எண்களும் சிவப்பு, கறுப்பு நிறங்களும் கொண்ட சக்கரத்தைச் சுழற்றி, பந்து எதில் விழும் என்று பந்தயம் கட்டும் ஆட்டம். அதன் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 எண்கள். ஓர் எண்ணில் வைத்து வென்றால், வைத்ததற்கு மேல் 35 மடங்கு தருகிறார்கள். நியாயப்படி தர வேண்டியது 36 மடங்கு. அந்த ஒரு மடங்குதான் அவர்களுடைய பிழைப்பு: வைக்கும் ஒவ்வொரு 100-க்கும் சராசரியாக 2.70 அவர்களுக்குப் போகிறது. இரண்டு சுழியம் உள்ள அமெரிக்கச் சக்கரத்தில் அது 5.26. கேட்கச் சிறியதாக இருக்கிறதல்லவா? ஆனால் 1,000-த்தோடு வந்தவர், ஜெயித்ததையும் சேர்த்துத் திரும்பத் திரும்ப வைத்து, எழுந்திருப்பதற்குள் மொத்தம் 40,000-க்குப் பந்தயம் கட்டியிருப்பார். 40,000-த்தில் 2.7 சதவீதம் 1,080. கொண்டு வந்தது முழுவதும் போய், கையிலிருந்தும் கொஞ்சம். யாரும் ஏமாற்றவில்லை, சக்கரமும் நேர்மையானதுதான். நீங்கள் நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தால் போதும், மீதியைக் கணக்கு பார்த்துக்கொள்ளும்.

“தோற்கும்போதெல்லாம் பந்தயத்தை இரட்டிப்பாக்கினால் ஒரு நாள் எல்லாவற்றையும் பிடித்துவிடலாம்” என்று ஒரு வித்தை உலவுகிறது. 100-இல் தொடங்கிப் பத்து முறை தொடர்ந்து தோற்றால் அதற்குள் 1,02,300 போயிருக்கும். பதினொன்றாவது பந்தயத்துக்கு 1,02,400 வேண்டும். அதில் ஜெயித்தாலும் மொத்த லாபம் வெறும் 100. பத்து முறை தொடர்ந்து தோற்பது நடக்கவே நடக்காது என்பவர்களுக்கு ஒரு செய்தி: 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பில் விழுந்தது. “இத்தனை முறை கறுப்பு வந்துவிட்டது, இனி சிவப்புதான்” என்று சிவப்பில் கொட்டியவர்கள் அன்று பெரும் தொகையை இழந்தார்கள். சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது. முந்தைய சுற்றில் என்ன வந்தது என்பது அதற்குத் தெரியாது.

அடுத்தது மூளை. எப்போது பலன் வரும் என்று தெரியாதபடி, கணிக்க முடியாத இடைவெளியில் வெகுமதி கொடுத்தால் அந்தப் பழக்கம் மிக ஆழமாக வேரூன்றும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் விலங்குகளைக் கொண்டே காட்டினார். ஒவ்வொரு முறையும் ஜெயித்தால் சலித்துவிடும், ஒருபோதும் ஜெயிக்காவிட்டால் விட்டுவிடுவோம். நடுவில் நிற்கும் “ஒருவேளை”தான் ஆளைக் கட்டிப்போடுகிறது. இதோடு “நூலிழையில் தவறியது” என்ற மாயமும் சேர்கிறது. ஸ்லாட் இயந்திரத்தில் சுழன்று நிற்கும் மூன்று படங்களில் இரண்டு பொருந்தி மூன்றாவது சற்றே தள்ளி நின்றால் அதுவும் தோல்விதான், காசு வராது. ஆனால் வெற்றியின்போது கிளர்ந்தெழும் மூளைப் பகுதிகள் சில, அந்த நூலிழைத் தோல்வியிலும் கிளர்ந்தெழுவதை மூளைப் படமெடுப்பு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஸ்லாட் இயந்திரங்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன: 100 வைத்து 30 திரும்பி வந்தாலும் விளக்கும் இசையும் வெற்றிக் கொண்டாட்டம் போடும். எழுபதைப் பறிகொடுத்தவருக்கு ஒரு பாராட்டு விழா.

இனி நம் மூல வாக்கியத்துக்கு வருவோம். இழப்பில் இருக்கும் மனிதன், சாதாரணமாகத் தொடவே மாட்டாத ஆபத்தையும் தொடுவான் என்பதை கானெமன், ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-இல் விளக்கினார்கள். சிறிய இழப்பை ஒப்புக்கொண்டு எழுவதைவிட, எல்லாவற்றையும் வைத்து இழப்பை இல்லாமலாக்கப் பார்ப்பதே மனித இயல்பு. ஆக, விட்டதைப் பிடிக்கத் தோன்றுவது உங்களுக்கு மட்டும் உள்ள கோணல் புத்தி என்று நொந்துகொள்ளாதீர்கள். எல்லோருக்கும் உள்ள அந்த ஓட்டையைக் குறிவைத்துத்தான் இந்தத் தொழில் நடக்கிறது.

படி 3: கணக்கை எழுதி, ஒருவரிடம் முழுவதையும் சொல்லுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் வேண்டாம், அதைத் திறந்தால் வேறெங்கே போவீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். யாரிடம் எவ்வளவு, எப்போது வாங்கியது, வட்டி என்ன, எதை அடகு வைத்தீர்கள், அது வீட்டுக்குத் தெரியுமா என்று வரி வரியாக எழுதுங்கள். கடன் அட்டை, முன்பணம், நண்பரிடம் “அவசரம்” என்று வாங்கியது, பிள்ளையின் சேமிப்பில் கை வைத்தது என்று எதையும் விடாதீர்கள். கை நடுங்கும். பலர் இந்த இடத்தில் எழுந்து போய்விடுகிறார்கள். இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டாலும் முடித்துவிடுங்கள்.

கடைசிப் பக்கத்தில், இதுவரை ஆட்டத்தில் போன மொத்தத் தொகையைத் தோராயமாகவாவது எழுதி, அதன் கீழே “இது போய்விட்டது” என்று எழுதுங்கள். ஆற்றோடு போனதைக் கரையில் நின்று எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. கடனை உழைப்பால் அடைக்கலாம். இழந்ததை ஆட்டத்தால் மீட்க முடியாது. இந்த இரண்டையும் வேறு வேறு பக்கங்களில் பிரித்து வைப்பதுதான் இந்தப் படியின் முழு வேலை. “தொலைத்த இடத்தில்தான் தேட வேண்டும்” என்பார்கள். சாவிக்கு அது சரி.

பிறகு ஒருவரிடம் சொல்லுங்கள். மனைவியோ கணவரோ அண்ணனோ அக்காவோ நெடுநாள் நண்பரோ யாராகவும் இருக்கலாம். பதறினாலும் ஓடிவிடாதவராகவும், உங்களுக்குக் கடன் கொடுத்து மாட்டிக்கொள்ளாதவராகவும் இருக்கட்டும். பீடிகை வேண்டாம். “நான் சூதாடிப் பணத்தை இழந்திருக்கிறேன். மொத்தக் கடன் இவ்வளவு. எல்லாம் இந்த நோட்டில் இருக்கிறது. என்னிடம் பணம் தர வேண்டாம், பணத்தை என்னிடமிருந்து தள்ளி வைக்க உதவி செய்” என்று சொன்னால் போதும்.

பாதியைச் சொல்லிவிட்டு மீதியை மறைப்பதுதான் மிகப் பெரிய தவறு. எட்டுக் கடனில் ஐந்தைச் சொல்கிறார், அந்த ஐந்தும் அடைபடுகின்றன, வீட்டில் நிம்மதி. மறைத்த மூன்றையும் அவர் ரகசியமாக அடைக்க வேண்டும். ரகசியமாக அடைக்க ரகசியப் பணம் வேண்டும். அவருக்குத் தெரிந்த ரகசியப் பணத்தின் ஊற்று ஒன்றே ஒன்றுதான். இப்படித்தான் “திருந்திவிட்டார்” என்று எல்லோரும் நம்பிய மூன்றாம் மாதத்தில் வீடு மறுபடியும் சரிகிறது.

படி 4: கைக்கும் பணத்துக்கும் நடுவே தூரம்

மனம் மாறும்வரை காத்திருக்காதீர்கள். முதலில் வழிகளை அடைத்துவிடுங்கள், மனம் பின்னால் வரும். ஆசை எழும் கணத்துக்கும் பந்தயம் கட்டும் கணத்துக்கும் நடுவே எத்தனை தடைகளை வைக்க முடியுமோ அத்தனையும் லாபம். கீழே சொல்பவற்றை ஒரே நாளில், உங்கள் துணையாளர் (நீங்கள் எல்லாவற்றையும் சொன்ன அந்த ஒருவர்) பக்கத்தில் உட்கார்ந்திருக்கச் செய்துமுடியுங்கள்.

சம்பளமும் வருமானமும் நீங்கள் நினைத்த நேரத்தில் எடுக்க முடியாத கணக்குக்குப் போக வேண்டும். கடன் அட்டைகளை ரத்து செய்யுங்கள், ரத்து செய்யும்வரை துணையாளரிடம் கொடுத்துவையுங்கள். வங்கிப் பரிமாற்றத்தின் தினசரி வரம்பை மிகக் குறைந்த அளவில் வைத்து, ஒருமுறைக் கடவு எண் (OTP) துணையாளரின் போனுக்கு வரும்படி முடிந்தால் மாற்றுங்கள். சூதாட்டப் பரிவர்த்தனைகளையே தடுக்கும் வசதி சில வங்கிகளில் உண்டு, கேட்டுப் பாருங்கள். அன்றாடச் செலவுக்குச் சிறு தொகை மட்டும், செலவுக்கு ரசீது. குழந்தைபோல் நடத்தப்படுவதாக உறுத்தும். கால் எலும்பு முறிந்தவர் கட்டுப் போட்டுக்கொள்வதைப் போன்றதுதான் இது. எலும்பு கூடியதும் கட்டைப் பிரிக்கலாம். ஓராண்டுக்கு முன் பிரிக்க அவசரப்படாதீர்கள்.

செயலியை நீக்குவது மட்டும் போதாது. அரை நிமிடத்தில் மறுபடி இறக்கிவிடலாம். ஒவ்வொரு தளத்திலும் போய்க் கணக்கையே மூடி, சுயவிலக்கு வசதி (உங்களை ஆட விடாதபடி நீங்களே தடை கேட்பது) இருந்தால் இருப்பதிலேயே நீண்ட காலத்தைத் தேர்ந்தெடுங்கள். நேரில் ஆடும் விடுதிகள் பலவற்றிலும் உங்கள் பெயரைத் தடைப் பட்டியலில் சேர்க்கும்படி எழுதிக் கொடுக்கலாம். கணக்கில் மிச்சம் கிடக்கும் தொகையை “ஆடித் தீர்த்துவிட்டு மூடுகிறேன்” என்று நினைக்காதீர்கள். எடுக்க முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் அப்படியே விட்டுவிட்டு மூடுங்கள். சூதாட்டத் தளங்களைத் தடுக்கும் மென்பொருள்கள் உண்டு. பெட்பிளாக்கர் என்பது அவற்றுள் இலவசமானது. உங்களிடம் உள்ள எல்லாக் கருவிகளிலும் நிறுவி, அதை நீக்குவதற்கான கடவுச்சொல்லைத் துணையாளரே வைத்துக்கொள்ளட்டும்.

“இன்றைய ஜெயிக்கும் குறிப்பு” தரும் குழுக்களிலிருந்து வெளியேறுங்கள், ஆசைகாட்டும் குறுஞ்செய்தி எண்களைத் தடை செய்யுங்கள். நீங்கள் விலகிய சில நாளில் “உங்களுக்காக ஒரு சிறப்பு போனஸ்” என்று செய்தி வரக்கூடும். அதைப் பாசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 5: கடன்

முதல் விதி, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்காதீர்கள், குறிப்பாக நிமிடத்தில் பணம் தரும் கடன் செயலிகளில். உணவு, வாடகை, மருந்து, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்கு ஒதுக்கிய பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். அந்தத் தொகையைக் கடன்காரர்களிடையே பிரித்து, ஒவ்வொருவரிடமும் நேரில் போய் மாதம் எவ்வளவு தர முடியும் என்று சொல்லுங்கள். தாங்கக்கூடியதைவிடக் குறைவாகவே வாக்குக் கொடுங்கள். பெரிய வாக்குக் கொடுத்துத் தவறும் மாதத்தில்தான் “ஒரே ஆட்டத்தில் அடைத்துவிடலாம்” என்ற பேய் வந்து தோளில் உட்காரும். வங்கிகள் தவணையை மாற்றியமைக்கப் பெரும்பாலும் பேச்சுக்கு வரும். மிரட்டல் வந்தால் தனியாகச் சமாளிக்காமல் காவல் துறையையும் வழக்கறிஞரையும் நாடுங்கள்.

அலுவலகப் பணத்திலோ பொறுப்பில் இருந்த பிறர் பணத்திலோ கை வைத்திருந்தால், யாரிடமும் ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அவமானம் பெரிதுதான். ஆனால் யாரும் கவனிப்பதற்குள் திரும்ப வைத்துவிடலாம் என்று மறுபடி ஆடிய எத்தனையோ பேர், சிறிய கையாடலைப் பெரிய வழக்காக்கிக்கொண்டார்கள்.

படி 6: ஆசை எழும் அந்த அரை மணி

ஆட்டத்தை நிறுத்திய முதல் சில வாரங்களில் தூக்கம் கெடும், சின்ன விஷயத்துக்கும் கோபம் வரும். எல்லாவற்றையும்விட, வாழ்க்கை உப்புச் சப்பற்றுத் தெரியும். பந்தயம் இல்லாமல் ஒரு போட்டியைப் பார்த்தால் ஏதோ பழைய ஒளிபரப்பைப் பார்ப்பதுபோல் இருக்கும். இது மூளை தன் அளவுகோலைத் திருத்திக்கொள்ளும் காலம். போகப் போகக் குறையும்.

ஆசை நேர்க்கோட்டில் ஏறிக்கொண்டே போவதில்லை. எழும்பி, உச்சத்தைத் தொட்டு, இறங்கிவிடும். பெரும்பாலும் அரை மணிக்குள் அதன் வேகம் தணிந்துவிடும். அதை அடக்கப் போராடாமலும் அதற்கு இணங்காமலும், அலைமேல் மிதப்பவரைப்போல் கவனித்துக்கொண்டிருக்கும் முறையை அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் போதைப்பழக்கச் சிகிச்சையில் புகுத்தினார். செய்து பாருங்கள்: ஆசை வந்ததும் மணியைப் பாருங்கள். இருக்கும் இடத்தை விட்டு எழுந்து வெளியே வாருங்கள். உடம்பில் அது எங்கே தெரிகிறது, நெஞ்சிலா, விரல் நுனியிலா, தொண்டையிலா என்று கவனியுங்கள். துணையாளருக்குப் போன் செய்து “வந்திருக்கிறது” என்று ஒரே சொல் சொல்லுங்கள். விளக்கம் கேட்கக் கூடாது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தணிந்த பிறகு நோட்டில் நேரத்தையும், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்பதையும் குறியுங்கள்.

இரண்டு வாரம் குறித்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். சிலருக்குச் சம்பள நாள், சிலருக்கு வீட்டில் சண்டை நடந்த இரவு, சிலருக்கு எல்லோரும் தூங்கிய பிறகு கையில் போனோடு கிடக்கும் அந்த நேரம். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கில் ஒன்று அடிக்கடி அந்தக் குறிப்பில் இருக்கும். எது என்று தெரிந்தால் அந்த நேரத்தில் வேறு ஏதாவது ஏற்பாடு செய்யலாம். ஆட்டம் உங்களிடமிருந்து எத்தனை மணி நேரத்தை எடுத்துக்கொண்டிருந்ததோ அத்தனை மணி நேரம் இப்போது வெறுமையாகக் கிடக்கும் என்பதை மறக்காதீர்கள். அதை “நல்ல எண்ணங்களால்” நிரப்ப முடியாது. நடை, பகுதிநேர வேலை, சமையல், பிள்ளையின் வீட்டுப்பாடம் என்று கையும் காலும் அசையும் காரியம் வேண்டும்.

ஆசை முற்றியிருக்கும்போது உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: “சரி, இன்று ஜெயித்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்தை என்ன செய்வேன்?” நேர்மையான பதில் ஒன்றுதான்: மறுபடி வைப்பேன்.

விளையாட்டுப் பந்தயத்தில் சிக்கியவர்கள் ஓராண்டாவது போட்டிகளையே பார்க்காமலிருப்பது நல்லது என்பது என் கருத்து. கடுமையாகத் தோன்றும். ஆனால் பார்க்கிற ஒவ்வொரு நிமிடமும் மனம் பழைய பந்தயக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும்.

படி 7: சிகிச்சை

தானாகவே விட்டவர்களும் கணிசமாக உண்டு. ஆனால் மூன்று முறை முயன்று தவறியவர் நான்காவது முறையும் தனியாக முயல்வதில் என்ன பெருமை?

நல்ல ஆதாரம் உள்ள முறை அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. “எனக்கு ஆட்டம் கைவந்துவிட்டது”, “இத்தனை தோல்விக்குப் பிறகு வெற்றி வந்தே தீரும்” போன்ற நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்துப் பிரித்துப் பார்க்கும் பேச்சுச் சிகிச்சை அது. சூதாட்டத்துக்கென்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அங்கீகரித்த மாத்திரை எதுவும் இல்லை. ஆசையின் வேகத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன் போன்றவற்றைச் சில மருத்துவர்கள் தருகிறார்கள். கூடவே மனச்சோர்வோ குடிப்பழக்கமோ இருந்தால் அதற்கும் சேர்த்தே வைத்தியம் பார்க்க வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைச் சரிசெய்ய முடியாது.

அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று. பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகளும், மனநோய்க்குத் தரப்படும் அரிப்பிபிரசோலும் சிலரிடம் அடக்க முடியாத சூதாட்ட உந்துதலைக் கிளப்பிவிடக்கூடும். அரிப்பிபிரசோல் பற்றி 2016-இல் அந்த அமெரிக்க அமைப்பு எச்சரிக்கையே வெளியிட்டது. வாழ்நாளில் சீட்டைத் தொடாத ஒரு பெரியவர் திடீரென்று லாட்டரிச் சீட்டுகளாக வாங்கிக் குவித்தால் அவருடைய மருந்துச் சீட்டைப் பாருங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் என்ற சுயஉதவிக் குழு 1957-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கியது. இன்று பல நாடுகளில் கூடுகிறது, இணையவழிக் கூட்டங்களும் உண்டு. கட்டணம் இல்லை, முழுப்பெயர் கேட்பதில்லை. ஆன்மிகச் சாயல் சிலருக்கு ஒத்துவராமல் போகலாம். ஆனால் உங்கள் பொய்களை முகம் பார்த்தே கண்டுபிடிக்கும் ஆட்கள் நிறைந்த அறை அது, ஏனென்றால் அதே பொய்களை அவர்களும் சொன்னவர்கள்தான். அந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டு மூன்று கூட்டங்களுக்காவது போய்ப் பார்க்கச் சொல்வேன்.

படி 8: வீட்டாருக்கு

இந்தப் பகுதி ஆடுபவருக்கானது இல்லை. அவரோடு ஒரே கூரையின் கீழ் வாழும் உங்களுக்கானது.

முழுக் கடனையும் ஒரே மூச்சில் அடைத்துவிடாதீர்கள். நகையை விற்று, நிலத்தை விற்று, “இனி தொடமாட்டேன் என்று சத்தியம் செய்” என்று கேட்டு அடைப்பது பெற்றோர் வழக்கமாகச் செய்யும் காரியம். அந்தச் சத்தியம் பொய்யென்று சொல்லவில்லை; சொல்லும் நேரத்தில் அவர் அதை மனதாரத்தான் சொல்கிறார். ஆனால் எரியும் வீட்டிலிருந்து யாரோ தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் நெருப்பின் மீதுள்ள பயம் குறைந்துவிடுகிறது. கடன்காரரிடம் அவருக்கு மறுபடியும் நல்ல பெயர், மறுபடியும் கடன் கிடைக்கும். உதவியே ஆக வேண்டுமென்றால், பணத்தை ஒருபோதும் அவர் கையில் கொடுக்காமல், தவணை தவணையாக நேரே கடன்காரரிடம் கட்டுங்கள்.

உங்கள் சேமிப்பையும் வீட்டுப் பத்திரத்தையும் நகையையும் அவர் எட்ட முடியாத இடத்துக்கு மாற்றுங்கள். எதற்கும் ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். கூட்டுக் கணக்கைப் பிரியுங்கள். இதைச் செய்வதால் நீங்கள் இரக்கமற்றவர் ஆகிவிட மாட்டீர்கள். பிள்ளைகளின் சோற்றைக் காப்பாற்றுகிறீர்கள். அடி, மிரட்டல் இருந்தால் முதலில் உங்கள் பாதுகாப்பு, அவருடைய மீட்சி பிறகு.

தினமும் குறுக்கு விசாரணை செய்வது இருவரையும் தின்றுவிடும். அதற்குப் பதிலாக மாதம் ஒரு நாள் ஒதுக்கி, வங்கி அறிக்கையையும் கடன் நோட்டையும் நடுவில் வைத்து இருவரும் பாருங்கள். மற்ற நாட்களில் வேறு பேச்சுப் பேசுங்கள். உங்களுக்கும் ஆதரவு தேவை. சூதாடுபவர்களின் குடும்பத்தாருக்கென்றே கேம்-அனான் என்ற குழு இருக்கிறது. அவர் சிகிச்சைக்கு வர மறுத்தாலும் நீங்கள் போகலாம்.

படி 9: சறுக்கினால்

பலர் ஒரு முறையாவது சறுக்குகிறார்கள். ஆபத்து, சறுக்கிய அந்த ஆட்டத்தைவிட அதற்கு அடுத்த மணி நேரத்தில்தான் அதிகம். “எல்லாம் பாழாகிவிட்டது, இனி எதற்குக் கட்டுப்பாடு” என்று மனம் கதவை முழுவதுமாகத் திறந்துவிடும். இதையும் முன்பு சொன்ன மார்லட் கவனித்து எழுதியிருக்கிறார். நாற்பது நாள் ஆடாமலிருந்து நாற்பத்தொன்றாம் நாள் ஆடியவருக்கு அந்த நாற்பது நாட்கள் அழிந்துவிடவில்லை. அன்றிரவே துணையாளரிடம் சொல்லுங்கள், தொகையை நோட்டில் எழுதுங்கள், எந்த வழியாகப் பணம் கைக்கு வந்தது என்று பார்த்து அந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள். நீங்கள் மறந்துபோயிருந்த ஏதோ ஒரு பழைய கணக்காகவோ, உங்கள் நிலை தெரியாத ஏதோ ஒரு நண்பராகவோ அது இருக்கும்.

சறுக்கலிலேயே மோசமானது ஜெயித்துவிடும் சறுக்கல். தோற்றவருக்குக் குற்ற உணர்வாவது இருக்கிறது. ஜெயித்தவருக்கு, நோட்டில் “இது போய்விட்டது” என்று எழுதிய பக்கத்தின்மீதே சந்தேகம் வந்துவிடும்: ஒருவேளை பிடித்துவிடலாமோ? அந்தப் பணம் ஓர் இரவுகூட உங்களிடம் தங்கக் கூடாது. நள்ளிரவானாலும் துணையாளரை எழுப்பிக் கொடுத்துவிடுங்கள். அதைக் கடனுக்குக் கட்டுவதா வேறென்ன செய்வதா என்று அவர் முடிவு செய்யட்டும். நோட்டில் அன்றைய தேதிக்கு நேராக, ஜெயித்த தொகையை எழுதாமல், “ஆடினேன்” என்று மட்டும் எழுதுங்கள்.